படகில் ஆழிநங்கை

கடப்பாக்கம் கரையில் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இடிந்த ஆலம்பரைக் கோட்டைக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி மணலில் நிற்கிறேன். ஓர் அகழாய்வுக் குழியில் பார்த்த சங்கு வளையல் துண்டிலிருந்து என் தொடர்கதைக்கு ஒரு நாயகி பிறந்தாள். பெயர் ஆழிநங்கை. காற்றைக் கட்டிப்போட்டுக் கப்பலோட்டும் பழங்காலத்துப் பெண். கடைசி அத்தியாயத்தில் அவளை இந்தக் கடலில்தான் மூழ்கடிக்கப் போகிறேன். இடம் பார்க்க வந்திருக்கிறேன்.

கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு ஃபைபர் படகின் முன்பக்கத்தில், இன்னும் பளபளப்பு மாறாத சிவப்புப் பெயிண்டில் ‘ஆழிநங்கை’ என்று எழுதியிருக்கிறது. புத்தகக் கண்காட்சியில் வரிசையாக நின்றவர்களுக்குக் கையெழுத்துப் போட்டபோதுகூட என் நெஞ்சு இப்படி விம்மியதில்லை.

படகு நிழலில் ஒரு பெண் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருக்கிறாள். படகிலிருக்கும் பெயரைக் காட்டி, அந்தக் கதையை எழுதுவது நான்தான் என்று அவளிடம் சொல்கிறேன்.

“நீயாக்கா அது?” வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். “என் தங்கச்சி போன்ல படிக்கும், நாங்கல்லாம் நண்டு கழட்டிக்கினே கேப்போம். எங்க வூட்டுக்காரரு அந்தப் பேர நம்பித்தான் தெனம் கடலுக்குப் போறாரு. கடைசில அவளுக்கு இன்னா ஆவுது?”

யார் கேட்டாலும் என் கதையில் ஒரு வரியைக்கூட மாற்றாதவள் நான். அதற்காகப் பத்திரிகை ஆசிரியரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

“பத்திரமா கரைக்கு வந்துடுவா,” என்கிறேன்.

“பின்ன, வராம?” அவள் மறுபடி வலையருகே உட்கார்கிறாள். “எங்க ஊருப் பொண்ணாச்சே!”