மரக்குடிலில் போட்ட சாம்பிராணி

கொசு வந்தால் சாம்பிராணி போடுவது என் வழக்கம். ஆவடியில் எங்களுடையது ஓட்டு வீடு, காற்று தானாக வந்து போகும்.

போன மாதம் மகன், மருமகளோடு வெள்ளானூர் பக்கம் ஒரு தோப்பில் தங்கப் போனோம். அங்கே கூடாரமும் உண்டு, மரக்குடிலும் உண்டு. நாங்கள் குடிலை வாடகைக்கு எடுத்தோம்.

சாயங்காலம் மழை பிடித்தது, கொசுவும் மொய்த்தது. மருமகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே நாங்கள் கோழி சுட்ட அடுப்பிலிருந்து கனலும் கரியை ஒரு சட்டியில் அள்ளி, சாம்பிராணி தூவி, கட்டிலருகே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்த மகன் கத்தினான்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிகீற? எழுப்புனா ஏந்திரிக்க மாட்டேன்றா!"

"கொசுவுக்குத்தாண்டா போட்டேன்!"

அவளை மழையில் தூக்கிவந்து கிடத்தினான். மெல்லக் கண் திறந்தாள்.

"இன்னா அத்த, கொசுன்னு நெனச்சி என்னிய விரட்டிட்டியா?"

உடனே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே டாக்டர், மூடிய அறையில் கரி கனன்றால் வரும் விஷவாயு, புகையே தெரியாவிட்டாலும் உயிரை எடுத்துவிடும் என்றார்.

இப்போதெல்லாம் ஆள் படுக்கும் அறைக்குள் நான் நெருப்புக் கொண்டுபோவதில்லை. கொசுவலைதான். மருமகள் கட்டுகிறாள், சரியாகக் கட்டினாளா என்று நான் பார்க்கிறேன்.