பிரசிடெண்டைக் கொன்ற தொப்பிக்காரர்

எனக்கு ஒன்பது வயதாகும்போது எங்கள் ஜில்லா போர்டு பிரசிடெண்டைச் சந்தையில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படிப் பன்மையில்தான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே பழகிவிட்டது. உண்மையில் கொன்றவன் ஒருவன்தான். பட்டப்பகலில், சந்தைக் கூட்டம் முழுவதும் பார்த்திருக்க, சூரிக்கத்தியால் குத்தினான். குத்திவிட்டு ஓடவும் இல்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர்களிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போலீஸ் வரும்வரை காத்திருந்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னான்.

அவன் போர்டு சத்திரத்தில் காவல் வேலை பார்த்தவன். ஒரு மத்தியானம் பிரசிடெண்டு வந்தபோது அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து நிற்காததற்காக வேலையை விட்டு நீக்கிவிட்டார். திரும்பக் கேட்டு மனுக் கொடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்தக் காரணத்தை எங்கள் ஊரில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரசிடெண்டு லேசுப்பட்ட மனிதரா? வெண்ணந்தூர் வரைக்கும் வண்டிப்பாதையைச் செப்பனிட்டுக் கொடுத்தவர். சுதந்திரம் கேட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவர். அவருடைய குதிரை வண்டிச் சத்தம் கேட்டாலே ஏற்றம் இறைப்பவர்கள்கூடப் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு காவல்காரனின் மத்தியானத் தூக்கத்தால் செத்துப்போனார் என்றால் கேட்பவர்கள் மனசு எப்படி ஆறும்?

எங்கள் வீட்டில் மிகவும் ஆறாதது மாமனின் மனசு. மாமன் என்றால் அம்மாவின் தம்பி. அப்பா சேலத்தில் மில் வேலையாக இருந்ததால், எங்கள் காடுகரைப் பண்ணயத்தை மாமன்தான் கவனித்துக்கொண்டார். அதைவிட அதிகமாகப் பிரசிடெண்டின் எலெக்‌ஷனைக் கவனித்துக்கொண்டார். பிரசிடெண்டிடம் யாருக்கு என்ன காரியம் ஆகவேண்டுமென்றாலும் முதலில் மாமனைத்தான் வந்து பார்ப்பார்கள்.

"இத்தாப் பெரிய மனுசனுக்கு இத்தினியூண்டு காரணத்துல சாவு வருமாக்கா? இதுக்குப் பின்னால ஆரோ இருக்கறாங்க," என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னார்.

அந்த "ஆரோ"வைக் கொண்டுவந்து சேர்த்தது நான்தான்.

சந்தைக்கு என்னை மாமன்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போயிருந்தார். தான் திரும்பும்வரை வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு. நான் முறுக்குத் தின்றபடி ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மை குத்துகிறவர் வந்தார். பெரியம்மை வராமலிருக்கச் சர்க்கார் அனுப்பும் ஆள். தலையில் வெள்ளைத் தொப்பி, சைக்கிளின் பின்னால் தோல்பெட்டி. பெட்டிக்குள்ளே இருக்கும் கத்தியைத் தோளில் வைத்துத் திருகுவார் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடமே சோளக்காட்டுக்குள் போய்விடும். நானும் வண்டியிலிருந்து குதித்து, வாழையிலைக் கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

சற்று நேரத்தில் சந்தையே இரைந்து ஓடியது. பிரசிடெண்டு விழுந்துவிட்டார் என்றார்கள். மாமன் அழுதுகொண்டே என்னைத் தேடியலைந்து கடைசியில் கண்டுபிடித்தார். வண்டியை விட்டு ஏன் இறங்கினாய் என்று அவர் கையை ஓங்கியபோது, எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"ஒரு தொப்பிக்காரர் பொட்டியோட வந்து தொரத்துனாருங்க மாமா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பொட்டி எவ்வளவு பெரிசு என்று மாமன் கேட்டார். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அடி விழாமல் போன சந்தோஷத்தில் கொஞ்சம் அகலமாகவே விரித்துவிட்டேன்.

ஒரு வாரத்துக்குள் தொப்பிக்காரர் வெள்ளைக்காரர் ஆகிவிட்டார். பெட்டிக்குள் துப்பாக்கி வந்துவிட்டது. கத்திக்காயம் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரே என்று யாராவது இழுத்தால், அந்த டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று மாமன் திருப்பிக் கேட்பார். துப்பாக்கிச் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லையே என்றால், சத்தம் கேட்காத துப்பாக்கி சீமையில் வந்திருக்கிறது என்பார். காவல்காரன் தானே ஒத்துக்கொண்டானே என்றால், அதுதான் சந்தேகத்துக்கு இடமே என்பார். எந்தப் பக்கம் முட்டினாலும் கதை ஒரு சுற்றுப் பெருத்ததே தவிர உடையவில்லை.

இதற்குள் புதுச்சத்திரம் வண்டிக்காரர் ஒருவர் வேறொரு செய்தி கொண்டுவந்தார். பிரசிடெண்டு சாகவே இல்லையாம். செத்தது அவரைப் போலவே இருந்த வேறு ஆளாம். மீசையை எடுத்துவிட்டுக் கெங்கவல்லியில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்ததை வண்டிக்காரரின் மச்சான் கண்ணால் பார்த்தாராம். தொப்பிக்காரர் கொன்றார் என்பதையும் பிரசிடெண்டு சாகவில்லை என்பதையும் மாமன் ஒருசேர நம்பினார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று நான் கேட்டதற்கு, பெரியவளானால் புரியும் என்றார்.

எனக்கோ அந்த நாட்கள் திருவிழாவாக இருந்தன. ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் என்னை நடுவில் உட்காரவைத்துச் சொல்லச் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் பொரிகடலை கிடைத்தது. பொரிகடலைக்குத் தகுந்தபடி தொப்பிக்காரரும் என்னைக் கூடுதல் தூரம் துரத்தினார்.

மூன்றாம் வாரம் அம்மை குத்துகிறவர் நிஜமாகவே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்.

பிள்ளையார் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தவரை நாற்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவர் மாமன். பெட்டியைப் பிடுங்கிக் கல்லின்மேல் வைத்துத் திறந்தார்கள். ஒரு கத்தி, ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, பஞ்சு, மெல்லிய கண்ணாடிக் குழாய்கள். துப்பாக்கி இல்லை. குழாயில் இருப்பது விஷம் என்று யாரோ சொன்னார்கள். மனிதர் வெள்ளைக்காரருமில்லை, எங்களைவிடக் கறுப்பாகத்தான் இருந்தார். அதுவும் அவருக்கு உதவவில்லை. ஒருவர் அவருடைய சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் அங்கே நின்ற மாட்டுவண்டியிலிருந்து முளைக்குச்சியை உருவினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து மாமனின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"இவரு என்னையத் தொரத்துலீங்க மாமா. அம்மை குத்தறதுக்குப் பயந்துக்கிட்டு நானேதான் ஓடுனேன். நான் பொய் சொல்லிப்போட்டனுங்க."

உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் ஊர்த் தையற்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்து, மிகவும் பரிவாகச் சொன்னார்:

"பாவமுங்க, சின்னப்புள்ள. அதையும் ஆரோ மெரட்டி வெச்சிருக்கறாங்க."

கூட்டம் முழுவதும் ஆமாமென்று தலையாட்டியது. என்னைச் சந்தித்துப் பேசியது யார், எப்போது, என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள். நான் இல்லை இல்லை என்று அழ அழ, குழந்தை எவ்வளவு பயந்திருக்கிறது பாருங்கள் என்றார்கள்.

அப்போதுதான் அம்மா வந்தார். கையில் மாட்டுச்சாணம், அதைக் கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அம்மை குத்துகிறவர் முன்னால் நிறுத்தி, என் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார்.

"மொதல்ல எம்புள்ளைக்குக் குத்துங்க சாமி. வெசமா மருந்தான்னு எல்லாரும் பாத்துக்கட்டும்."

சட்டையைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டார். அம்மை குத்துகிறவர் இருந்த பதற்றத்தில், வழக்கமாக நாலு இடத்தில் குத்துவதை ஐந்து இடத்தில் குத்தினார். நான் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்தன. எனக்கு அடுத்து அம்மா தன் கையையும் நீட்டினார். அதற்குப் பிறகு மனிதரை அடிக்க யாருக்கும் கை எழவில்லை. அவர் தொப்பியைக்கூட மறந்துவிட்டுச் சைக்கிளேறிப் போனார்.

அன்று பொழுது சாயும்வரை ஊரில் பாதிப் பேர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் வந்து போனார்கள். நான் செத்துவிட்டேனா என்று பார்க்கத்தான். நான் நொண்டியடித்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிலருக்கு முகம் விழுந்துவிட்டது.

கதை அதோடு ஒழிந்தது என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம். மறுநாள் காலையில் பால் கறந்துகொண்டே மாமன் அதைச் சரிசெய்துவிட்டார். நிஜத் தொப்பிக்காரன் வேறு. நாம் ஏமாறவேண்டுமென்றே இந்த அப்பாவியை இதே தொப்பியோடு அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள் என்றார். ஊரும் பார்த்து வியந்தது.

காவல்காரனுக்குத் தண்டனை ஆயிற்று. சுதந்திரமும் வந்தது. எனக்குக் கல்யாணமாகி, என் பிள்ளைகளும் அந்தக் கதையை மாமன் வாயாலேயே கேட்டார்கள். அதற்குள் கதையில் ஒரு கவர்னரும் பினாங்குக் கப்பலும் சேர்ந்திருந்தன.

மாமன் காலமான வருஷம், கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"அந்தக் காவக்காரன் நம்மூட்டுக்கு மூணு வாட்டி வந்தான் அம்மிணி. பிரசிடெண்டுகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கன்னு உன்ர மாமனக் கும்புட்டுக் கேட்டான். மோரு குடுத்து அனுப்புனது நாந்தான். சொல்றேன் சொல்றேன்னான் உன்ர மாமன். எலெக்‌ஷன் சோலியில மறந்துபோட்டான்."

நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன். அத்தனை வருஷமும் மாமன் சொன்ன கதையில் டாக்டர் வந்தார், வெள்ளைக்காரர் வந்தார், மீசையில்லாத பிரசிடெண்டு வந்தார். சொல்லச் சொல்ல மாமனின் முகம் லேசாகித் தெளிந்துகொண்டே வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கதை சொல்வதில் அவருக்கு அவ்வளவு குஷி என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.