கிணற்றடியில் புதைத்த பல்

என் தங்கையின் முன்பல்லை உம்மா கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் நாங்கள் ஆசுபத்திரிக்குப் புறப்பட்டோம். அதில் பிழை ஏதும் இருப்பதாக எங்கள் மூவரில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. உடம்பிலிருந்து பிரிந்த எதையும் கண்ட இடத்தில் எறியக் கூடாது. வெட்டிய நகமானாலும் சரி, உதிர்ந்த முடியானாலும் சரி, பல்லானாலும் சரி, மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் நெசவு ஊரான மருதமுனையில் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றாள். விரல்களுக்கிடையே இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. உம்மா தறிக்குக் கீழே தவழ்ந்து பல்லைத் தேடி எடுத்தார். இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தோடு தண்ணீரை ஊற்றி அதைக் கழுவினார். துணித்துண்டில் சுற்றி, பிஸ்மி சொல்லிப் புதைத்தார்.

அடித்தது உம்மாவின் நாடாதான். நாடா என்பது குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்துகொண்டு, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை. இரண்டு முனைகளிலும் இரும்புக் கூர் இருக்கும். கயிற்றைச் சுண்டினால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பாயும். அன்று பாவில் ஓர் இழை அறுந்து சிக்கியிருந்ததை உம்மா கவனிக்கவில்லை. தறியோரம் குந்தியிருந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த தங்கை, நான் என் பழைய ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பதைக் கண்டு, என் வாய் கோணுகிற மாதிரியே தன் வாயையும் கோணிக் காட்டிச் சிரித்தாள். எங்கள் ஒழுங்கை வீடுகளில் அவளைப்போலச் சிரிக்கிறவர்கள் யாரும் இல்லை. சிக்கிய இழையில் தட்டுப்பட்ட நாடா தறியை விட்டெழும்பி, அந்தச் சிரிப்புக்குள்ளேயே போய் அடித்தது.

பஸ்ஸில் அவள் துணியை வாயிலிருந்து எடுக்காமலே என்னைக் கேட்டாள்.

"ராத்தா, இனி நான் சிரிச்சா ஓட்டையாத் தெரியுமா?"

அவளுக்கு இடமும் வலமும் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பயம். உம்மா அதை வேறுவிதமாகச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "கொமரு முன்பல்லு இல்லாம நிண்டா கலியாணம் கேக்க வாறவன் என்ன நெனப்பான்? என்ட கையாலயே இப்பிடிச் செஞ்சிட்டனே."

வாப்பா நாங்கள் நெய்த சாரன்களை விற்கச் சம்மாந்துறைப் பக்கம் போயிருந்தார். அவர் இல்லாதது அன்று எனக்குக் குறையாகப் படவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆணிலும் பெண்ணிலும் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள் நான். பல் டொக்டர் தமிழ் தெரியாத தெற்கத்தியர் என்றும், ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அவரோடு பேச என்னை விட்டால் ஆளில்லை என்ற எண்ணம், அந்த இரத்தத்துக்கும் அழுகைக்கும் நடுவிலும் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது.

அந்த நிமிர்வு அறைக்குள் போகும் வரைதான்.

தங்கை வாயைத் திறக்க மாட்டேன் என்று நின்றாள். "அந்நிய ஆம்பிளைக்கு முன்னால வாயத் தொறந்து காட்டுறதா?" என்று உம்மாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அதட்டிய பிறகே துணி விலகியது. உள்ளே இருந்ததை அதுவரை நானும் பார்த்திருக்கவில்லை. மேல்வரிசையின் நடுவில் சிவப்பாக ஒரு குழி. அதற்கு ஒரு பக்கத்துப் பல்லின் மூலை சாய்வாக உடைந்திருந்தது. மற்றப் பக்கத்துப் பல் உள்ளே நாக்கை நோக்கிச் சரிந்து கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

டொக்டர் பிடி வைத்த சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். உடைந்த பல்லில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரியவில்லை, அதனால் நரம்பு தப்பிவிட்டது, கூர்முனையை அராவிவிட்டால் போதும் என்றார். சரிந்ததைத் தள்ளி நிமிர்த்தி, அசையாமல் கட்ட வேண்டும். பிறகு குழியைக் காட்டி என்னிடம் கேட்டார், இந்தப் பல் எங்கே?

நான் உம்மாவிடம் கேட்டேன்.

"மண்ணுல வெச்சிட்டன் எண்டு சொல்லு மகள். வேற என்ன செய்யிற?"

நான் சொன்னேன். கண்ணாடி அவர் கையிலிருந்து தட்டில் விழுந்தது. போய் எடுத்து வாருங்கள், உடனே, என்றார். எடுத்து வந்தால் அதே குழியில் திரும்ப வைக்கலாம்.

எனக்குத்தான் ஆங்கிலம் தவறிவிட்டதோ என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொன்னார். விழுந்த பல்லைத் திரும்ப நடுவதா? நான் படித்த எந்தப் பாடத்திலும் அப்படி ஒன்று இல்லை. வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வு இருக்கிறது, அதில் இன்னும் உயிர் இருக்கும், காய்ந்தால் செத்துவிடும் என்று அவர் விளக்கினார். பல்லை எடுத்து வரச் சொன்னதை உம்மாவுக்குச் சொன்னேன்.

"விசரா இவருக்கு? அடக்கினதத் தோண்டுறதா? கபுறத் தோண்டச் சொல்றாரா?"

"கபுறு இல்ல உம்மா, பல்லு."

"பல்லுக்கு அதுதான் கபுறு."

"எனக்கு என்ட பல்லு வேணும்," என்றாள் தங்கை. வார்த்தையோடு இரத்தமும் வந்தது.

"இஞ்ச பாருங்க உம்மா," என்றேன். "அது இன்னும் மௌத்தாகல்ல. உசிரிருக்காம்."

உம்மாவின் கை முக்காட்டிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார்.

"உசிரிருக்கா?"

"ஓம்."

"அப்ப நான் உசிரோடயா பொதைச்சிட்டு வந்திருக்கன்?"

அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நாடா பறந்தபோதுகூட உம்மா அப்படி விறைத்துப் போகவில்லை. "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தவர், அடுத்த நொடி கதவடியில் நின்றார். டொக்டர் சொன்னதையெல்லாம் நான் பின்னால் ஓடிச் சொல்ல வேண்டியிருந்தது. "வேரத் தேய்க்காதீங்க. காய விடாதீங்க. மண்ண அலசிட்டு வாய்க்குள்ள, கன்னத்துல அடக்கிக் கொண்டாங்க. விழுங்கிராதீங்க உம்மா!" வாப்பா இல்லாமல் பஸ் ஏறியறியாத உம்மா, திரும்பிப் பாராமல் தனியாகத் தெருவில் இறங்கிப் போனார்.

இங்கே தங்கையின் ஈறில் ஊசி போட்டார்கள். டொக்டர் சரிந்த பல்லின் பின்னால் பெருவிரலை வைத்து அழுத்தினார். ஒரு சத்தம் கேட்டது. மரப்பூட்டு இடத்தில் விழுகிற சத்தம். அவள் தலையைப் பிடித்திருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ விறைத்த வாயோடு என்னைப் பார்த்து, நீ ஏன் ராத்தா பயப்படுற என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். உடைந்த பல்லின் கூர்முனையை அவர் அராவியபோது எழுந்த மாவுப் புகையைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உம்மா திரும்பி வந்தபோது அவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. உதடுகளை இறுக்கி, ஒரு கன்னத்தை உப்பவைத்து, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தாதி என்ன ஏதென்று கேட்டாள். பதில் இல்லை. பேச்சில்லாத உம்மாவை வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். நேரே டொக்டரின் முன்னால் போய் நின்று, அந்நிய ஆணுக்கு முன்னால் என்று சற்று முன்பு சொன்ன அதே உம்மா, முக்காடு விலகியதையும் பாராமல் வாயைத் திறந்தார். பல் உம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது. நகக்கண்ணெல்லாம் கிணற்றடி மண்.

"வாற வழியெல்லாம் கண்டக்டர் கேக்கிறான், எங்க போறீங்க எங்க போறீங்க எண்டு," என்று அப்போதுதான் மூச்சு விட்டார். "ஊமை எண்டு நெனச்சிப் பக்கத்துல இருந்தவனை எழுப்பி எடம் தந்தான்."

டொக்டர் பல்லை வெளிச்சத்தில் பிடித்து, தேய்த்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். மையித்துக்கு ஊற்றுவதுபோலத்தான் ஊற்றினார் என்று சொல்ல ஆங்கிலம் போதவில்லை. டொக்டர் உப்புத் தண்ணீரில் அலசி அதைக் குழிக்குள் அழுத்தினார். போனது திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார். மண்பட்டதால் ஏற்பு நோய் என்கிற டெட்டனஸ் வராமலிருக்கவும் ஊசி போட்டார். கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், நூலைப் பல்லால் கடித்து அறுக்கவே கூடாது, இவ்வளவு செய்தும் பல் நிற்குமா நிற்காதா என்று உறுதி சொல்ல முடியாது, வேர் கரைந்து விழவும் கூடும் என்றார்.

வெளியே வந்ததும் தங்கை கம்பிக்குள்ளால் சொன்னாள், "முடிச்சப் பாத்தியா ராத்தா? நானெண்டா இதவிட நல்லாப் போட்டிருப்பன்."

அதன் பிறகு வந்த நாட்களில் உம்மா விடியற்காலையில் முதல் வேலையாக அவள் வாயைத் திறக்கச் சொல்லி விரலால் தொட்டுப் பார்ப்பார். இடையில் ஒருமுறை டொக்டர் பல்லின் பின்புறம் சிறு துளையிட்டு, செத்த நரம்பை எடுத்து அடைத்துவிட்டார். கம்பியை அவிழ்த்த அன்று இரும்புக் குச்சியால் தட்டிப் பார்த்தார். பல் அசையவில்லை. எலும்பு பிடித்துக்கொண்டது என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

"உசிரா இருக்கா எண்டு கேளு," என்றார் உம்மா.

கேட்டேன். இல்லை, பல்லுக்குள் உயிர் போய்விட்டது, ஆனால் நிற்கும், நிறம் மட்டும் கொஞ்சம் மங்கலாம் என்றார். நான் சொன்னதும் உம்மா மறுபடியும் நெஞ்சில் கை வைத்தார்.

"அல்லாஹ்வே! அப்ப வாயில மையித்தையா வெச்சிருக்கிறா?"

தங்கை கண்ணாடியை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை மடித்துப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். பிறகு நாடா அடித்த நாளுக்கு முன்பு சிரித்த மாதிரியே, பல் முழுவதும் தெரியச் சிரித்தாள்.

"மையித்தெண்டாலும் என்ட மையித்து உம்மா. நான் மௌத்தாகிற நேரம் சேர்த்து அடக்கிக்கலாம், விடுங்க."