குங்குமம் வைத்த பெட்டி

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் மாடி அறையில் இரண்டு இன்ஜினியர் தம்பிகள் குடியிருந்தார்கள். வேலைக்குப் போகாமல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கப்போகிறோம் என்று ஒரு சின்னப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினுக்குள் கை இருந்தால் அந்தப் பெட்டி மெஷினை இறங்கவிடாதாம். அதைக் கேட்ட அன்றிலிருந்து அவர்களுக்கும் சேர்த்தே உலை வைத்தேன்.

காரணம் என் வீட்டுக்காரர். பக்கத்துக் கம்பெனியில் பிரஸ் ஓட்டினார். முந்தின வருஷம்தான் இடது கைச் சுண்டுவிரலில் பாதி போயிருந்தது. "மோதிர விரல்தான் கீதே, உனக்கு இன்னா கவலை?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டைக்குப் போய், மீதி ஒன்பதரை விரலையும் காப்பாற்று முருகா என்றுதான் கும்பிடுவேன்.

தம்பிகளுக்கு வழிகாட்ட, அவர்கள் காலேஜில் முன்பு படித்த ஒருவர் ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து காரில் வருவார். பெரிய உத்தியோகம். அவர்களுக்குச் 'சீனியர்', எனக்கு சார். யாரைப் போய்ப் பார்ப்பது, என்ன பேசுவது, எல்லாம் அவர் சொல்படிதான். சாப்பாடு எங்கள் வீட்டில்.

ஆயுத பூஜையன்று பெட்டியைச் சாமி படத்தின் முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். சார் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முதல் பெட்டி உங்க வீட்டுக்காரர் மெஷினுக்குத்தாம்மா. ஆறே மாசம். நான் இருக்கேன்" என்றார். கற்பூரத்தின் எதிரில் சொன்னது. நான் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன்.

மாசி மாதம் சூப்பர்வைசர் இவரைப் பேக்கிங் பக்கம் மாறிக்கொள்ளச் சொன்னார். அங்கே மெஷின் கிடையாது, ஓ.டி. பார்த்துக் கூடுதல் சம்பளம் வாங்கவும் வழி கிடையாது.

"மாறிக்கட்டா?" என்று இவர் என்னைக் கேட்டார்.

"இன்னும் ஒரு மாசந்தானே? பெட்டி வந்துடப்போவுது."

"சார் சொல்லிட்டாரு. இனிமே முருகனுக்கே ரெண்டாவது எடம்!"

கிண்டல் செய்தாரே தவிர, மாறவில்லை. வேறொருவர் போய்விட்டார். அந்த ஞாயிறு சாரிடம் இதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

பங்குனியில் ஒரு ஞாயிறு காபியோடு மாடி ஏறினேன். மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். பெரிய தம்பிதான் சொன்னான். "ரூமைக் காலி பண்றோம்க்கா. பெங்களூர் போறோம்."

"அப்போ பெட்டி?"

"அதேதாங்க்கா. பெரிய கடைங்க வாசல்ல வெச்சு, எத்தினி பேர் உள்ள வராங்கன்னு எண்றதுக்கு."

சாரைப் பார்த்தேன். "பிரஸ் கம்பெனிங்க யாரும் வாங்க மாட்டேங்கறாங்கம்மா. இவங்க எதிர்காலத்தையும் பாக்கணும் இல்லையா?"

"எப்போ சார் முடிவு பண்ணீங்க?"

அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டார். "தையிலயேக்கா" என்றான் சின்னவன்.

தையில் முடிவு செய்தவர், மாசியில் என் கையால் ரசம் வாங்கிச் சாப்பிட்டார். வழியை மாற்றிக்கொண்டது தப்பென்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. "மாறச் சொல்லும்மா" என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சின்னவன் ஈரத்துணியால் பெட்டியின் குங்குமத்தைத் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தான். நான் கீழே வந்துவிட்டேன்.

"நீ இன்னா பண்ணுவ, வுடு" என்றார் இவர். மறுநாளும் அதே பிரஸ்ஸுக்குத்தான் போனார். சாரை மன்னித்துவிட்டேன் என்று முருகனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் தன் மெஷினுக்குத் தானே பொட்டு வைத்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு வந்தார். வாங்குவதற்கு முன் அவர் கைகளைப் பார்த்தேன். ஒன்பதரையும் இருந்தன.