மகசூலும் களையும்

என் அக்கா டாக்டர். இதை நான் யாரிடமும் சுருக்கமாகச் சொல்லி முடித்ததில்லை. ஊரில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் வைத்தியம் பார்த்தவள், இந்த நாட்டுக்கு வந்தபின் நான் வேலை செய்யும் அழகு நிலையத்தில் தலை அலசிக்கொண்டிருந்தாள். இங்கே வைத்தியம் பார்க்க உரிமம் வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். அக்கா இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். இன்னொரு தடவை போனால், சாகும்வரை ஷாம்புதான்.

படிக்காமல் இல்லை. துண்டு மடிக்கும்போது கூட உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். முதல் தோல்விக்கு ஜலதோஷத்தின் மேல் பழியைப் போட்டோம். இரண்டாவதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, இவள் தெரியாமல் தோற்கவில்லை, அதிகம் தெரிந்து தோற்கிறாள்.

இந்தப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் ‘ஹை யீல்ட்’ என்று ஒன்று சொல்வார்கள். மலையாகக் குவிந்து கிடக்கும் பாடத்தில் அடிக்கடி கேட்கப்படும், கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சங்கதிகள். யீல்ட் என்றால் என்ன என்று கேட்டேன். விளைச்சல் என்றாள். அப்படியானால் மகசூல் என்று வாய் நிறையச் சொல்லேன் என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் அது மகசூல். எப்போதாவது தலைகாட்டும் அபூர்வ நோயெல்லாம் களை.

அக்காவுக்குக் களையின் மேல்தான் பாசம். ஒருநாள் கடையில் கூட்டமில்லாத மதியத்தில் நான் கேள்வியைப் படித்தேன்: இளம்பெண், எப்போதும் அசதி, முகம் வெளிறியிருக்கிறது, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். முடி வெட்டுகிற எனக்கே பதில் தெரியும், இரும்புச்சத்துக் குறைவு. அக்காவோ பரம்பரையாக வரும் ஏதோ ஒரு ரத்த நோயின் பெயரைச் சொன்னாள். ஏன் என்றால், ஊரில் இப்படித்தான் நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி வந்தாளாம், எல்லாரும் இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம், கடைசியில் பார்த்தால் அது வேறாம். நீலச் சட்டைக்காரியின் கதை முடிவதற்குள் கேள்விக்கான நேரம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் இப்படி ஒருத்தி இருந்தாள்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

"அக்கா, கேள்வியில இருக்கறவளுக்கு முகம் கிடையாது. முகத்தைப் பார்க்காம பதிலைச் சொல்லு" என்றேன்.

அவள் முகம் வாடிப்போனது. புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்துவிட்டுத் துண்டு மடிக்கப் போய்விட்டாள். சொன்னது சரிதான் என்றாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை, சீப்புகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "சரி, கேளு" என்றாள்.

அதன்பிறகு கடையே கல்லூரியாகிவிட்டது. நான் கேள்வியை வாசிப்பேன், அக்கா யார் தலையையாவது அலசிக்கொண்டே பதில் சொல்வாள். கதை சொல்ல வாயெடுத்தால் "களை" என்று ஒரு அதட்டல் போடுவேன். முடி உலர்த்தும் இயந்திரத்தின் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் அவர்களும் சேர்ந்து பெருங்குரலில் "களையா, மகசூலா?" என்பார்கள். முதலாளியம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. சிங்காரித்துக்கொள்ள வருகிறவர்களிடம் மூலநோயைப் பற்றிப் பேசினால் யார் திரும்பி வருவார்கள் என்று என்னைப் பிடித்து ஏசினார். நான் என்ன செய்ய, மூலம் மகசூல். ஆனால் பரீட்சை நெருங்கியபோது, கேட்காமலே அக்காவுக்கு லீவு கொடுத்தவரும் அவர்தான்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே மாதிரிக் கேள்வி வந்ததாம்.

"நீலச் சட்டைக்காரி வந்து நின்னுட்டா. கொஞ்சம் வெளிய உக்காரும்மா, அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லிட்டுத்தான் பதிலைப் போட்டேன்."

எத்தனை பேரை அப்படி உட்கார வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று அவள் கையெல்லாம் நுரை. போன் என் மேசையில் சிணுங்கியது. எடுத்து நீட்டினேன். "அவங்க கண்ணுல நுரை போயிடும், இரு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாளின் தலையைக் கடைசிச் சொட்டுவரை அலசி, துண்டு சுற்றி, கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினாள். அவள் படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், பிறகு போனை என் பக்கம் திருப்பினாள். தேர்ச்சி. நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். என் அக்கா என்ற கர்வம் தலைக்கேறிவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

முதலாளியம்மா அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "இன்னிக்குத்தாம்மா உன் முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்றார்.

நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில், அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவர் முழித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி என்னைப் பார்த்தாள்.

"வெளிய உக்கார வச்சவங்களை எல்லாம் இனி உள்ள கூப்பிடணும்டி."