ஓடையில் கரைந்த இரண்டாவது உப்பு

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டிலும் சொல்லிவிட்டார்கள், அலுவலகத்திலும் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது, மலை ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்கிற வேலை. தண்ணீர் நமக்காக அவசரப்படுமா?

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஓடை மலையை விட்டு இறங்கும் இடத்தில் எங்கள் கருவி ஒன்று இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் அது பீளமேட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும். அந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை நாங்கள்தான் நேரில் போய் அளந்து அட்டவணை போட வேண்டும். பாறையும் சுழலுமாக இருக்கிற ஓடையில் இறங்கி அளக்க முடியாது. அதனால் உப்பு. மேலே ஓரிடத்தில் ஐந்து கிலோ உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டு, கீழே தண்ணீரில் உப்பை அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு பிடி உப்பைச் சின்னச் சட்டியில் போட்டால் கரிக்கும், கல்யாணக் குண்டாவில் போட்டால் தெரியாது அல்லவா? எவ்வளவு கரிக்கிறது என்று தெரிந்தால் குண்டா எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

எங்கள் அட்டவணையில் வெயில் காலத்துத் தண்ணீரெல்லாம் ஏறிவிட்டது. ஓடை பெருகி வரும் உயரத்துக்கான கட்டம் மட்டும் காலி. இந்த மழைக்காலத்தில் மூன்று தடவை போய், மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பினேன். ஒருமுறை உப்பை ஊற்றிய பிறகு மீட்டரின் பேட்டரி உயிரை விட்டது. ஒருமுறை மரக்கிளை ஒன்று அடித்துக்கொண்டு வந்து ஒயரை அறுத்துவிட்டுப் போனது. ஒருமுறை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. வந்ததற்கு அளப்போம் என்று அளந்தால் பழைய எண்ணே வந்தது.

என் மேலதிகாரி கறாரானவர். இந்த மழைக்குள் அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் கருவியைக் கழற்றி வேறு ஓடைக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றார். ஒற்றை அளவும் செல்லாது, ஒரே நாளில் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற இரண்டு அளவு வேண்டும் என்றார். அந்தக் கருவியைப் பாறையில் போல்ட் போட்டு இறுக்கியவள் நான். இரண்டு வருஷம் அட்டைக்கு ரத்தம் கொடுத்தவளும் நான்தான். அதை நானே கழற்றுவதா?

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலையில், ஓடை ஏறியிருப்பதாகக் கருவி சொன்னது. நானும் டிரைவரும் ஐந்தைந்து கிலோவாக இரண்டு பை உப்போடு கிளம்பினோம். டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவிநாசிக்காரர். அவர் வாயில் 'இல்லை' என்கிற சொல் வராது. தனக்குத் தெரியாத வழியை யாராவது கேட்டால்கூட, தெரியும் என்று தலையாட்டிவிடுவார்.

வழியெல்லாம் கொட்டிய மழையில் ஜீப்பின் பின்பக்கத் தார்ப்பாய் ஒழுகி, ஒரு பை உப்பு பாதிக்கு மேல் கரைந்து வண்டித் தரையில் ஓடியிருந்தது. உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். நான் விற்கக்கூடப் போகவில்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரியாத ஈர உப்பு எதற்கும் ஆகாது. கடைக்குப் போய் வருவதற்குள் தண்ணீர் இறங்கிவிடும். தார்ப்பாய்க்கும் சேர்த்து டிரைவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க மேடம்" என்றார்.

இருக்கிற ஒரு பையையாவது அளப்போம் என்று அவரை மேலே அனுப்பினேன். அவர் பக்கெட்டில் உப்பைக் கரைத்து நடு ஓடையில் ஊற்றிவிட்டு, விசில் அடித்துவிட்டுக் கீழே வந்தார். மீட்டரில் எண் ஏறியது, உச்சிக்குப் போனது, மெல்ல இறங்கியது. அருமையான அளவு. ஆனால் ஒற்றை அளவு. எண் அடிமட்டத்துக்கு வந்ததும் மீட்டரை நிறுத்தக் கையை நீட்டினேன். அது மறுபடி ஏற ஆரம்பித்தது.

மீட்டர் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். டிரைவர் மட்டும் மெதுவாக மேல்பக்கம் திரும்பிப் பார்த்தார். மீட்டரைத் தொடக்கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பாறை மேல் ஏறி ஓடினேன்.

அங்கே எங்கள் பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தெரிந்த முகம்தான். கீழே தென்னந்தோப்பு ஓரமாகக் கடைசி வீடு, மாட்டுக்குப் புல் அறுக்க ஓடைப்பக்கம் வருவார், பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

என்ன செய்தீர்கள் என்று கத்தியே விட்டேன்.

"உப்புப் போட்டேனுங்க அம்மணி," என்றார். "உங்களுக்காகத்தானுங்க."

விஷயம் இதுதான். தீராத கஷ்டம் உப்புப்போல் கரையட்டும் என்று கோயில் குளத்தில் உப்புப் போட்டு வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். நாங்கள் முதல் தடவை வந்தபோதே, இது அந்த மாதிரி வேண்டுதலா என்று அவர் டிரைவரிடம் கேட்டிருக்கிறார். அவ்வளவு ஆசையாகக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல நம் டிரைவருக்கு மனசு வருமா? ஆமாங்க என்று சொல்லியிருக்கிறார்.

"இந்த மழைக்கு நாலு வாட்டியா வந்து கரைக்கறீங்க. ஒவ்வொரு வாட்டியும் மொகம் வாடித்தான் போறீங்க. எனக்கு மனசு கேக்கலீங்க. அதான் உங்க பேர்ல ரெண்டு பாக்கெட்டு கரைச்சு உட்டுப்போட்டேன்."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. என் அம்மாவுக்குக்கூட நான் எதற்கு ஓடைக்குப் போகிறேன் என்று தெரியாது. இந்த மனுஷி என் முகத்தை நான்கு தடவையும் பார்த்து வைத்திருக்கிறார்.

அப்புறம்தான் 'ரெண்டு பாக்கெட்டு' என்றது மண்டையில் ஏறியது. அவர் இடுப்பில் செருகியிருந்த காலி உறைகளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ என்று அச்சிட்டிருந்தது. டிரைவர் செய்ததுதான் சடங்கு என்று நினைத்து, அதே பக்கெட்டில், அதே குச்சியால் கலக்கி, அவர் ஊற்றிய அதே இடத்தில் ஊற்றியிருக்கிறார். வீட்டுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்தீர்களா என்று கேட்டேன். அவர் முகம் அப்போதுதான் சுருங்கியது.

"வேண்டுதலுக்கு யாராச்சும் கொறைச்சுப் போடுவாங்களாங்க?"

திரும்பி ஓடினேன். இரண்டாவது ஏற்றமும் முழுதாக இறங்கும்வரை மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பில் உட்கார்ந்து ஐந்து கிலோவுக்கு ஒரு கணக்கு, இரண்டு கிலோவுக்கு ஒரு கணக்கு போட்டேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே தண்ணீர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டிரைவர் துண்டை எடுத்து நீட்டினார்.

மேலதிகாரி, இரண்டாவது தடவை மட்டும் ஏன் இரண்டு கிலோ என்று கேட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பின் எடை நிச்சயமா என்று கேட்டார். அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். மேலதிகாரி சிரித்தே பார்த்திராதவள் நான், அன்றைக்குப் பார்த்தேன். கட்டத்தை நிரப்பச் சொன்னார்.

அடுத்த வாரம் கடைசி வீட்டுக்குப் போய், கருவி இங்கேயே இருக்கும் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. மோர் கொடுத்தார்.

"பலிச்சுதுன்னா அப்படியே உட்டுரக்கூடாதுங்க அம்மணி. மறுக்கா ஒருவாட்டி வந்து உப்புப் போட்டுப்போடோணும்."

தை மாதம் போனபோது ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். அளவை முடித்த பிறகு, கணக்கில் இல்லாத ஒரு பாக்கெட்டை என் பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன். கீழே இருந்த டிரைவர் பழக்கதோஷத்தில், மீட்டரை மறுபடி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பக்கெட்டில் கரைத்து நடு ஓடையில் ஊற்றினேன். முழுப் பாக்கெட்டும்தான், குறைத்துப் போடவில்லை.