பின் அச்சில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

காடிக்கு அடியில் படுத்துப் பிழைப்பவர்களுக்கு வானம் என்பது துருப்பிடித்த இரும்புதான். பதினெட்டு வருஷமாக நான் பார்க்கிற வானம் அது. எங்கள் ஊர்ப் பேச்சில் காடி என்றால் கார். வீடு பாகான் டாலாமில். காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, பாதித் தூக்கத்தில் கடலைக் கடந்து, ஜெலுத்தோங்கில் இருக்கும் பட்டறைக்கு வந்து மறுபடி படுத்துவிடுவேன்.

பழைய காடி வாங்க நினைப்பவர்கள் முதலில் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் முக்கியமாகப் பார்ப்பது டிஃபரன்ஷியல். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்புப் பெட்டி தொங்குகிறதே, அது. என்ஜினின் பலத்தை இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற வேலை அதற்கு. நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் ரேஸில் காடியை விட்டிருந்தால், முதல் அடி விழுவது அங்கேதான். வாங்கிய பிறகு கொண்டுவந்து காட்டி அழுதவர்களும் உண்டு. நீங்களும் அப்படி ஒருவரென்றால், வாருங்கள், அந்த டயர் மேல் உட்காருங்கள்.

போமன் எங்கே?

எங்கள் ஊரில் மெக்கானிக்குக்குப் போமன் என்று பெயர். மாக் மண்டின் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவர் ஒரு நாள் வேன் ஒன்றைக் காட்ட வந்தார். நான் வேறொரு காடிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். அவர் என் தலைக்கு மேலாகப் பட்டறையை நோட்டம் விட்டு, “போமன் எங்கம்மா?” என்றார். நான்தான் என்றேன். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். நெற்றியில் இருந்த கிரீஸைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“சரிம்மா, நீங்க கழட்டிக்கிட்டே இருங்க. போமன் வர்ற வரைக்கும் நான் வெயிட் பண்றேன்.”

தூக்கம் வந்தால் நல்லது

என்னோடு வேலை செய்யும் லியோங் சீனர். என் வயதுதான் இருக்கும். பாகான் டாலாமில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர், அதனால் தமிழ் சரளமாக வரும். காடியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, கியரைப் போட்டுச் சக்கரங்களை மெதுவாகச் சுற்ற விட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பார். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

ஒரு மதியம். தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. கேட்கப் போன லியோங் ரொம்ப நேரமாகியும் பேசவில்லை. குனிந்து பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் காதிலேயே இருக்க, கண்ணை மூடி, வாயில் லேசான சிரிப்போடு தூங்கிக்கொண்டிருந்தார். சக்கரங்கள் அவர் தலைமாட்டில் விசிறி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. பதறிப்போய் என்ஜினை நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“ஏன் நிப்பாட்டுன தங்கச்சி? எனக்குத் தூக்கம் வந்தா பேரிங் நல்லா இருக்குலா. வரலேன்னாதான் மாத்தணும்.”

எண்ணெயில் மின்னியது

நஸீர் பாய்க்கு ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை. ஒரு நாள் கடல்பச்சை நிறத்தில் பழைய ஜப்பான் காடி ஒன்றோடு வந்தார். அதை விற்றுக் கொடுக்கும் முருகையாவும் கூட வந்திருந்தார். நஸீர் பாய் இன்னும் வாங்கவில்லை. ஆனால் பானெட்டின் மேல் அவர் கை வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் மனதுக்குள் ஏற்கெனவே ஊரைச் சுற்றி வந்துவிட்டார் என்று தெரிந்தது. “நிபோங் திபால்ல ஒரு டீச்சரோட காடிதான்க்கா,” என்றார் முருகையா. “ஸ்கூல், கோயில், பாசார். வேற எங்கயும் போனதில்ல.”

பெட்டியின் அடியில் எண்ணெய் வடிக்கும் திருகாணியைத் திறந்தேன். எண்ணெய் கறுப்பாக, கனமாக, அவசரமில்லாமல் இறங்கியது. எண்ணெய் பிடித்த தட்டை வெளிச்சத்தில் சாய்த்தேன். உள்ளே ஆயிரம் பொடிகள் மினுமினுத்தன. காலை ஃபெரியில் சூரியன் ஏறுகிற நேரத்தில் கடல் இப்படித்தான் இருக்கும். பல்சக்கரத்திலிருந்து உதிர்ந்த இரும்பு என்று தெரிந்தும் நான் தட்டை இன்னொரு முறை சாய்த்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கடைசியில் நஸீர் பாய்தான் மெல்லக் கேட்டார்:

“ரொம்ப அழகா இருக்கேக்கா. இவ்வளவு அழகா இருந்தா கெட்ட சேதிதானே?”

முறுக்கிய தண்டு

எல்லாவற்றையும் கழற்றி மேஜையில் வைத்தோம். பெரிய பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் புதுசு போல இருந்தது. காடியை முன்னால் தள்ளுகிற பக்கம் மட்டும் உரசி உரசிச் சொரசொரப்பாகியிருந்தது. ஒரு பல்லின் ஓரம் உடைந்திருந்தது. அதைவிட மோசம் அச்சுத்தண்டு. அதன் முனையில் ஓடும் பள்ளங்கள் நேராக இருக்க வேண்டும். இங்கே அவை பின்னிய சடை மாதிரி லேசாகத் திரும்பியிருந்தன. பாசாருக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தால் இரும்பு இப்படி முறுக்கிக்கொள்ளாது. நின்ற இடத்தில் என்ஜினை அலறவிட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால்தான் ஆகும். அதுவும் ஒரு தடவையில் ஆகாது.

“அண்ணே, இது ரேஸ் ஓடின காடி,” என்றேன். “டீச்சர் கதைய வேற யார்கிட்டயாச்சும் சொல்லுங்க. பொய் சொல்லி விக்கிறதுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.” பட்டறையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முருகையாவுக்கு முகம் சுருங்கிப்போனது. கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, டீச்சரின் நம்பரைத் தேடிக்கொண்டே சொன்னார்:

“சனிக்கிழமை டீச்சரையே கூட்டிட்டு வர்றேன். அவங்க முன்னாடி இந்த வார்த்தைய ஒருக்கா சொல்லிப் பாருங்க.”

டீச்சர் வந்தார்

சனிக்கிழமை மதியம் மழை. தகரக் கூரையின் சத்தத்தில் பட்டறையே கடலுக்கு அடியில் இருப்பது போலிருந்தது. முருகையா குடை பிடிக்க, டீச்சர் உள்ளே வந்தார். ஓய்வு பெற ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கும். கெமிஸ்ட்ரி டீச்சராம். பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. நஸீர் பாயும் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சுத்தண்டின் முறுக்கிய பள்ளங்களில் விரலை மெல்ல ஓட்டினார். “இது வலது பக்கந்தானே?” என்றார். ஆமாம் என்றேன். “தெரியும். பச்ச லைட்டு விழுந்ததும் அந்தப் பக்கந்தான் ஒரு நடுக்கம் வரும்.” மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். முருகையாவின் கையில் குடை இன்னும் விரிந்தபடியே இருந்தது.

கெடாவில் ஒரு பழைய ஓடுபாதையில் அனுமதி வாங்கி நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். போன வருஷம் நான்கு ஞாயிறு போயிருக்கிறார். கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, வழியில் ஒரு கோயிலில் கும்பிட்டும்விட்டுத்தான் போவாராம். “முருகையாகிட்ட பொய் சொல்லல. பாதிதான் சொன்னேன். மீதிய இது சொல்லிடும்னு நினைக்கல,” என்று தண்டைத் தட்டினார். பதினெட்டு வருஷம் காடிக்கு அடியில் கிடந்த ஒரு பொம்பளைக்கு, இன்னொரு பொம்பளை அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றவே இல்லையே! ஏன் டீச்சர் என்று மட்டும் கேட்டேன்.

“காலையிலேர்ந்து டீச்சர், டீச்சர்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்கம்மா. அந்த நானூறு மீட்டருக்கு மட்டும் யாரும் கூப்பிட மாட்டாங்க.”

மன்னிப்பு

ஏழெட்டுப் பேர் முன்னால் பொய்யன் என்று சொன்னவள், ஏழெட்டுப் பேர் முன்னால்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். முருகையா எண்ணெய் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “அண்ணே, தப்பு என்மேலதான். வாய் நீண்டுருச்சு, மன்னிச்சிருங்க,” என்றேன். லியோங்கூட வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஆனால் முருகையா என்னைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நஸீர் பாய்க்கு எதையோ கையால் விளக்கிக்கொண்டிருந்த டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு முறை சொன்ன பிறகுதான் திரும்பினார்:

“அத விடுங்கக்கா. மெதுவா நடன்னு சொல்லி என்னைய காரிடார்ல முட்டி போட வச்ச டீச்சர் இவங்க.”

பாலத்தில்

டீச்சர் காடியை விற்பதற்குக் காரணம் கண். பக்கவாட்டுப் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். “ரேஸுக்கு நேரா தெரிஞ்சா போதும் டாக்டர்னு சொல்லிப் பார்த்தேன், ஒத்துக்கல,” என்று சிரித்தார். கொஞ்சம் கழித்துத்தான் அந்தச் சிரிப்பு நின்றது. வேறு நல்ல பெட்டியும் தண்டும் தன் செலவில் போட்டுத் தருவதாகச் சொன்னார். நஸீர் பாய் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றார். ரேஸ் ஓடியது தெரிந்த பிறகு அவருக்கு அந்தக் காடி மேல் ஆசை கூடிவிட்டது என்பதுதான் உண்மை.

பத்து நாளில் வேலை முடிந்தது. கடலைக் கடக்கும் பாலத்தில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நஸீர் பாய் ஓட்ட, நான் பக்கத்தில், டீச்சர் பின்னால். பாலம் ஏறும் முன் நஸீர் பாய் ஓரம் கட்டி, “டீச்சர், கடைசியா ஒருக்கா நீங்க ஓட்டுறீங்களா?” என்றார். அவர் சாவியைப் பார்த்தார், வெளியே பார்த்தார், தலையை ஆட்டினார். “வேணாம்பா. இன்னொருத்தர் இருக்குற காடில நான் வேகம் போனதில்ல.”

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன், மறுபடி அழுத்தச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டேன். பல் தேய்ந்திருந்தால் அழுத்தும்போது ஒரு மெல்லிய அழுகைச் சத்தம் வரும். வரவில்லை. இரண்டு பக்கமும் வெளுத்த கடல். கரை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத புகைமூட்டம். காடி அசையாமல் நிற்க, பாலம்தான் எங்களுக்கு அடியில் நழுவிப் போவது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். டீச்சரும் கண்ணை மூடியிருந்தார். இடது கை மட்டும் மடியில், கியர் மாற்றுவதற்குக் காத்திருப்பது போல லேசாகக் குவிந்திருந்தது. சத்தம் ஏதாவது கேட்கிறதா டீச்சர் என்றேன். குவிந்த கையை விரித்தபடி சொன்னார்:

“ஒண்ணும் கேக்கலம்மா, நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா கொஞ்சம் சத்தம் கேட்டிருக்கலாம்.”

ஒரு காடி எப்படி ஓடியிருக்கிறது என்று பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவேன்; ஓட்டியது யார் என்பதை மட்டும் இப்போதெல்லாம் கூலி கொடுத்துக் கேட்டாலும் சொல்வதில்லை.